உன் தலைமேல் செய்த இரண்டு சத்தியங்கள்

என் கண்ணான மகனுக்கு, அம்மா எழுதுவது.

நீ டெல்லி போய்ச் சேர்ந்த தந்தி வந்தது. உன் பெண்டாட்டி நன்றாக இருக்கிறாள். மசக்கை இன்னும் விட்டபாடில்லை. மாங்காயைக் கண்டால் மட்டும் முகம் மலருகிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஸ்டேஷனில் நான் சொல்லாமல் விழுங்கியது. அன்று சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நீ குனிந்து என் காலைத் தொட்டாய். உன் மாமியார், "புள்ள தலைல கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க சம்பந்தி" என்றார். நான் உன் தோளைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். நீ நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. சின்ன வயதிலிருந்து அதே பார்வைதான். பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகள் தலையை எல்லாம் தடவிக் கொடுக்கிற டீச்சரம்மா, பெற்ற பிள்ளையின் தலையைத் தொடமாட்டாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலா, தீபாவளிக் குளியலா, உன் அத்தை வந்துதான் தேய்த்துவிட வேண்டும். உனக்குக் காய்ச்சல் என்றால் கழுத்தைத்தான் தொட்டுப் பார்ப்பேன். "அம்மாவுக்கு என்னைப் புடிக்காதா அத்தை?" என்று நீ ஒருநாள் குளியலறையில் கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன். கண் கலங்கியதற்குப் புகை என்று ஒரு சாக்கு கிடைத்தது.

போவதற்கு முன் உன் வேலையைப் பற்றி எனக்கு விளக்கினாய். மாகாணப் போலீஸ் தனி, ரயில்வே போலீஸ் தனி, பட்டாளம் தனி, தபால் தந்தி தனி. குண்டு வைக்கத் திட்டம் போடுகிறவனைப் பற்றி ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருக்கும். அந்தத் துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கிற ஆபீசில் நீ உட்காரப் போகிறாய். "எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சம் தெரியும்மா. சேத்து வச்சுப் பாக்கத்தான் ஆளில்ல" என்றாய். நான் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நீயும் எழுந்து போய்விட்டாய். புரிந்தது, சாமி. தை மாதம் டெல்லியில் பிரார்த்தனைக்கு நடந்த அந்தப் பெரியவர் சுடப்பட்டு, தேசமே வாய்விட்டு அழுத பிறகு, அப்படி ஓர் ஆபீஸ் எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அதற்கும் முன்னாலேயே தெரியும். உனக்கு முன்பு ஒருத்தி அந்த ஆபீசை நடத்தினாள். இந்த அம்மாபேட்டை வீட்டு அடுப்படியில், இரண்டு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டு நடத்தினாள். இரண்டு பக்கத்துத் துண்டும் அவள் கையில்தான் வந்து சேர்ந்தன. சேர்த்துப் பார்த்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

உன் அப்பாவை உனக்குச் சரியாக நினைவிருக்காது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். ஜங்ஷனில் கூட்ஸ் ஷெட்டு குமாஸ்தா. மாம்பழக் காலத்தில் வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் மல்கோவா மணக்கும். கூடையை முகர்ந்தே எந்தத் தோப்புச் சரக்கு என்று சொல்லிவிடுவார் என்று அவரே சொல்லிக்கொள்வார்; பாதி புளுகு. அப்படி ஒரு சீசனில், சில கூடைகள் மாம்பழத்துக்குரிய கனத்தைவிட அதிகமாகக் கனத்தன. அனுப்பியவர்கள் நாலைந்து வாலிபர்கள். படித்த பிள்ளைகள், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. வெள்ளைக்காரன்மேல் கோபம், அவ்வளவுதான். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது, உன் அப்பாவுக்கும் இருந்தது. ஆனால் வெள்ளைக்கல் சுரங்கத்தில் பாறை பிளக்கிற தோட்டாவைத் திருடி, மெட்ராஸ் மெயில் போகிற தண்டவாளத்தில் வைப்பது யோசனை என்று அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது. உன் அப்பா ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னார். அவரோ, "இப்பவே புடிச்சா வால்தான் கெடைக்கும். நீங்க அவங்களோட சினேகம் வச்சுக்குங்க. சரக்கு எங்க போய்ச் சேருதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து உன் அப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவராக நடிக்க ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை. உன்னை மடியில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். "ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றேன். "மெயில்ல கவர்னரா போறாரு? மூணாங் கிளாசுல நம்ம சனந்தானே போகுது. தெரிஞ்சுட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?" என்றார். பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். என் வலது கையைப் பிடித்து உன் எண்ணெய்த் தலையில் வைத்தார். "உங்கண்ணன்கிட்ட மூச்சு விடக் கூடாது. டவுன் போலீசுக்குச் சமாச்சாரம் போச்சுன்னா பொழுது சாயறதுக்குள்ள கடைவீதிக்கு வந்துருதாம். இன்ஸ்பெக்டர் கண்டிசனாச் சொல்லியிருக்காரு. புள்ள மேல சத்தியம் பண்ணு." பண்ணினேன். நீ எண்ணெய் கண்ணில் இறங்கியதென்று கத்திக்கொண்டிருந்தாய்.

அந்த அண்ணன்தான் உன் மாமா. அப்போது டவுன் போலீசில் இரகசியப் பிரிவு ஹெட் கான்ஸ்டபிள். ஞாயிறு தவறாமல் நம் வீட்டில்தான் சாப்பாடு. மாப்பிள்ளையும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் இலையிலிருந்து மற்றவர் அப்பளத்தைத் திருடுகிற அளவுக்கு ஒட்டுதல். ஒருவர் ரயில்வே போலீசுக்காக எந்தப் பையன்களைக் கவனித்தாரோ, அதே பையன்களைத்தான் இன்னொருவரும் டவுன் போலீசுக்காகக் கவனித்துக்கொண்டிருந்தார். இருவரும் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினார்கள். நான் நடுவில் நின்று ரசம் ஊற்றினேன். பிறந்த வீட்டுப் பேச்சைப் புகுந்த வீட்டுக்கும், புகுந்த வீட்டுப் பேச்சைப் பிறந்த வீட்டுக்கும் கடத்தாதவள்தான் நல்ல குடும்பத்துப் பெண் என்று என் தாயார் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பெயரை நான் ரொம்பப் பெருமையாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வைகாசியில் உனக்கு அம்மை போட்டது. முகம் தெரியாமல் முத்துப் போட்டு, கண் திறக்க முடியாமல் கிடந்தாய். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அடுப்பில் தாளிதம் இல்லை, வெளி ஆள் உள்ளே வருவதில்லை. அன்றைக்கு உன் மாமா தெருவில் நின்றபடியே கூப்பிட்டார். நீ இறக்கிவிட்டால் அழுவாய் என்று உன்னைத் தோளில் போட்டு, உன் தலையைக் கையால் அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அம்மிணி, ஒரு கூட்டத்தைப் புடிக்கப் போறோம். அதுல கூட்ஸ் ஷெட்டு ஆளு ஒருத்தனும் இருக்கானாம். பேரு இன்னும் தெரியல. மாப்பிள்ளை அங்க எவன்கூடயும் சேராம நீ பாத்துக்க. ஆனா நாஞ் சொன்னேன்னு அவருகிட்ட மட்டும் சொல்லீறாத. ஷெட்டுக்குள்ள பேச்சுப் போனா அவன் தப்பிச்சுக்குவான்" என்றார். நான் உன்னைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டேன். "உங்கையி புள்ள தலைலதான இருக்குது? அப்படியே சத்தியம் பண்ணிரு" என்றார். என் கை உன் தலையில்தான் இருந்தது. கொதித்தது. ஏதோ சொன்னேன். அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அண்ணன் தேடுகிற ஆளும் உன் அப்பாவும் ஒரே ஆள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதை உனக்கு ஒளிக்க மாட்டேன். அண்ணனிடம் ஓடிப்போய், "அது எங்க ஊட்டுக்காரர்தான், ரயில்வே போலீஸ் சொல்லித்தான் அவங்களோட சுத்தறாரு" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கணவரிடம், "எங்கண்ணன் ஆளுக உங்களைத்தான் தேடறாங்க" என்று சொல்லியிருந்தாலும் முடிந்திருக்கும். எதைச் சொன்னாலும் ஒரு சத்தியம் உடையும். இரண்டும் உன் தலைமேல் இருந்தன. நீயோ வேப்பிலைமேல் கிடந்து முனகிக்கொண்டிருந்தாய். நான் படித்தவள்தான், பூமி உருண்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள்தான். ஆனால் அம்மை இறங்காத வீட்டில், பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை உடைத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, சாமி. எந்தத் தாய்க்கு இருக்கும் என்று கேட்டுக் கேட்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

மறுநாள் உன் அப்பா பனமரத்துப்பட்டிக்குக் கிளம்பினார். ஏரிக்குப் பக்கத்து மாந்தோப்பில் அந்தப் பையன்கள் வரச் சொல்லியிருந்தார்கள். நான் சத்தியத்தைத் தவிர எல்லாவற்றையும் சொல்லித் தடுத்தேன். புள்ளைக்கு அம்மை என்றேன். சகுனம் சரியில்லை என்றேன். மயக்கமாக வருகிறது என்று பொய்யும் சொன்னேன். காரணம் மட்டும் சொல்லவில்லை. "நான் போகலீன்னா அவங்களுக்குச் சந்தேகம் வந்துரும். இன்னைக்கோட இந்த வேலை முடிஞ்சுது. பொழுதோட வந்தர்றேன்" என்றார். வாசலில் நின்று, "வேப்பலை வாடிப்போச்சு பாரு. வாரப்ப புதுசா ஒடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

தோப்பில் நடந்ததை உன் மாமா பிறகு சொன்னார். டவுன் போலீஸ் மூன்று பக்கமும் வளைத்தது. பையன்கள் ஓடினார்கள். உன் அப்பா ஓடவில்லை. வந்திருப்பது தன் இன்ஸ்பெக்டர் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்திருக்கிறார். கையைத் தூக்கி, "நான் ரயில்வே ஆளுங்க!" என்று சொல்லிக்கொண்டே போலீசை நோக்கி நடந்திருக்கிறார். அப்படி ஓர் ஆள் உண்டு என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் ஓடும்போது ஒருவன் மட்டும் எதிரே வந்தால், குண்டோடு வருகிறான் என்றுதான் நினைப்பார்கள். சுட்டுவிட்டார்கள். உன் மாமா ஏரிக்கரைப் பக்கம் நின்றிருந்தார். ஓடிவந்து புரட்டிப் பார்த்தபோதுதான் முகம் தெரிந்திருக்கிறது. இடுப்பு வேட்டியில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்ததாம். போகிற வழியிலேயே ஒடித்து வைத்துக்கொண்டிருக்கிறார், திரும்பும்போது மறந்துவிடும் என்று.

பையன்கள் திருடிய வெடித் தோட்டா அங்கே இல்லவே இல்லை. அது முன்னாலேயே வேறு வழியில் போயிருந்தது. அன்று சாயங்காலம் ரயில் வருவதற்கு முன்பே தண்டவாளத்தில் வெடித்து, லைன் பார்த்துக்கொண்டு போன கேங்மேன் ஒருவர் செத்தார். மெயில் தப்பியது, அவர் தப்பவில்லை. அவர் மனைவி ஆத்தூர்ப் பக்கம். நான் ஒருதரம் போய்ப் பார்த்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். உன் அப்பா சனத்தைக் காப்பாற்றப் போனார்; அப்படியும் ஓர் உயிர் போயிற்று.

உன் மாமா என் வாசலுக்கு வந்தார். வேப்பிலை செருகிய வீடு. உள்ளேயும் வர முடியவில்லை, வெளியேயும் நிற்க முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, அது மாப்பிள்ளைன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். "தெரியும்ணா." "அப்பறம் ஏஞ் சொல்லல?" "சத்தியம் வாங்குனது நீதானே." அவர் அப்படியே தெருவில் உட்கார்ந்து, யூனிபாரத்தோடு, சின்னப் பிள்ளைபோல் அழுதார். உனக்கு அன்றுதான் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்து, கஞ்சி வேண்டும் என்று கேட்டாய். நான் உனக்குக் கஞ்சியும் காய்ச்சினேன், உன் அப்பாவுக்காக ஒப்பாரியும் வைத்தேன். எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு நாள் வரக் கூடாது.

பிறகு கலெக்டர் பங்களாவில் விசாரணை. என்னையும் கூப்பிட்டார்கள். ரயில்வே இன்ஸ்பெக்டர் 'எங்கள் நம்பிக்கையான மனிதர்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னார். டவுன் போலீஸ் அதிகாரி 'கூட்ஸ் ஷெட்டு ஆசாமி' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னார். தாலுகா ஆபீஸ்காரர், தோட்டா குறைகிறதென்று சுரங்கத்துக்காரர்கள் தகவல் கொடுத்திருந்ததாகவும், ஸ்டோருக்கு அடிக்கடி வந்து பேச்சுக் கொடுத்த 'வெள்ளைச் சட்டைக்காரன்' ஒருவனைப் பற்றிச் சொன்னதாகவும், மேலே அனுப்ப நேரம் வாய்க்கவில்லை என்றும் சொன்னார். மூன்று பேரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். மூன்றும் உன் அப்பாதான். அந்த மூன்று அதிகாரிகளும் ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். மாலையில் ஒரே கிளப்பில் சீட்டாடியவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். ஆனால் என் மடியிலும் அதே குற்றம் இருந்ததே, எந்த வாயால் கேட்பேன்?

ரயில்வே இன்ஸ்பெக்டரை மட்டும் முழுசாகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முன்பு ஒருமுறை அவர் தமக்குத் துப்புச் சொன்ன ஒருவன் பேரை டவுன் ஸ்டேஷனுக்குச் சொல்லப்போய், அது வெளியே கசிந்து, அந்த ஆளைக் கை முறிய அடித்துப் போட்டுவிட்டார்களாம். சூடு பட்டவர். ஆகவே, நாளைக்கு உன் மேஜைக்கு எதிரே ஒருவர் தம்மிடம் உள்ளதைச் சொல்லாமல் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கர்வம் பிடித்தவர் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதே. எங்கே சூடு பட்டார் என்று கேள். அந்த ஓட்டையை முதலில் அடை. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிடு என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னாலும் ஆள் சாவான்.

அந்த விசாரணைக்குப் பிறகு, மூன்று இலாகாவும் வாரம் ஒருநாள் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கலெக்டர் உத்தரவு போட்டார். உன் மாமாவை அதில் எழுத்து வேலைக்குப் போட்டார்கள். "காப்பி குடிக்கறாங்க, வெயிலைப் பத்திப் பேசறாங்க, கொண்டாந்த சமாச்சாரத்தை அப்படியே சட்டைப் பையிலயே வச்சுட்டு எந்திரிச்சுப் போறாங்க" என்று சொல்லி அனுப்பினார். சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் வாய் திறந்துவிடாது. நம் வீட்டில் இரண்டு இலையும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருந்தன? கடைசியில் உன் மாமாதான் ஒரு வழி சொன்னாராம். ஒருவனைப் பிடிக்கப் போகும் முன், சுடத் துப்பாக்கியை எடுக்கும் முன், மற்ற இருவரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இவன் உங்க ஆளா?" ஆம், இல்லை என்று பதில் வந்தால் போதும், எதற்கு, எப்படி என்று சொல்ல வேண்டாம். அவரவர் ஆட்களின் பேர், மூன்று இலாகாவையும் சேராத ஒரே ஒருவரிடம் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். அது நடைமுறைக்கு வந்த பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு உன் அப்பா சாகவில்லை. டெல்லியில் உங்களுக்குப் பெரிய பெரிய ஏற்பாடுகள் இருக்கும். இருந்தாலும் இந்தக் கேள்வியை மறக்காதே. ஒருவனைப் பற்றிய காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் வாய்விட்டுக் கேள். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று எவனாவது சொன்னால், என் பேரைச் சொல்லித் திட்டு.

சுதந்திரம் வந்த பிறகு, வாசக சாலைப் பையன்கள் உன் அப்பா படத்தைக் கேட்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். தியாகி என்று மாட்டினார்கள். அதற்கு முன்னால் இதே தெருவில் சிலர் காட்டிக் கொடுத்தவன் என்று துப்பினார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. இரண்டிலும் அவர் இல்லை. அவர் ரயிலில் போகிற சனத்துக்காகப் போனவர். நீ தியாகி மகன் என்று தலை நிமிர்ந்து நடந்தபோது உடைத்துச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது நீ உட்காரப் போகிற நாற்காலிக்கு இந்தக் கதை தெரிந்தே ஆக வேண்டும். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால், வரட்டும். உன்மேல் மட்டும் ஒரு துளி பாரமும் ஏற்றிக்கொள்ளாதே. நாலு வயதுப் பிள்ளை, கண் திறக்க முடியாமல் கிடந்தவன், உனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உன் தலையை இதில் இழுத்தவர்கள் பெரியவர்கள் நாங்கள்.

உன் மாமா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார், உனக்குத் தெரியாது. ராசிபுரத்திலிருந்து வண்டி பிடித்து வந்து, பார்சல் ஆபீஸ் பக்கம் தூணை ஒட்டி நின்று, ரயில் நகரும் வரை உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னிடம் வந்து, "புள்ளைக்கு நீ சொல்லீட்டியா?" என்றார். இல்லை என்றேன். "இன்னும் அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தறியா அம்மிணி? நாந்தான் வாங்குனேன், நானே திருப்பித் தர்றேன். விட்டுரு" என்றார். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பதினெட்டு வருஷம் என் வாசலைத் தாண்டாத மனிதர், இலை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னோர் இலை போடக் கை போனது. போடவில்லை.

உனக்குப் பிள்ளை பிறக்கட்டும். அதன் தலையில் கை வைத்து எதையும் மறைக்கிறேன் என்று யாரும் சத்தியம் செய்ய விடாதே, நானே கேட்டாலும். உன் அப்பா வாங்கிய சத்தியத்தைத் திருப்பித் தர அவர் இல்லை. அதை இந்தக் கடிதத்தில் நானே உடைத்துவிட்டேன். எழுதி முடித்ததும் காலண்டரில் உன் லீவை எண்ணிப் பார்த்தேன். செக்கிலிருந்து நல்லெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். உன் அத்தையை இந்தத் தடவை கூப்பிடப் போவதில்லை. சனிக்கிழமையாகப் பார்த்து வந்து சேர், சாமி. என் கைக்கு எண்ணெய் தேய்த்துப் பழக்கம் விட்டுப்போயிற்று. கண்ணில் கொஞ்சம் இறங்கும், கத்தாதே.